சமூகவியலும் மானிடவியலும்: குறைந்த செலவில் தரமான பட்டம் பெறும் வழி



நம் சங்கத்துப் படிப்பகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் நான் உட்கார்ந்திருப்பது தங்கவயலில் பலருக்கும் தெரியும். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம் அது. விண்ணப்பம் நிரப்ப வருவார்கள், சான்றிதழ் நகலைச் சரிபார்க்க வருவார்கள், பிள்ளையை எதில் சேர்ப்பது என்று கேட்க வருவார்கள். நான் டிப்ளமா படித்தவன்தான். ஆனால் மதிப்பீடு போடத் தெரிந்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள் போலும்.

சென்ற ஆண்டு மே மாதம் சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடு ஒன்றிலிருந்து ஒரு பெண் தன் தகப்பனாருடன் வந்தாள். பி.யு.சி.யில் கலைப் பிரிவு. வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல் நான்கிலும் நல்ல மதிப்பெண்.

"தாத்தா, நான் சமூகவியல் படிக்கணும். பின்னாடி மானிடவியலும் படிக்கணும்" என்றாள்.

தகப்பனார் பெங்களூரில் காவலாளி வேலை பார்ப்பவர். விடியற்காலை வண்டிக்குப் போய் இரவு வண்டிக்குத் திரும்புகிறவர். "ணா, இதைப் படிச்சா யாரு வேலை குடுப்பாங்க? அதுவும் பெங்களூர்ல ஒரு தனியார் காலேஜ்ல மூணு வருசத்துக்கு அஞ்சு லட்சம் ஆவுதாம். அவங்கம்மா நகையை வெச்சாலும் பத்தாது, மீதி வட்டிக்குத்தான் வாங்கணும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சில வாரங்கள் அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் பிற பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பாடங்கள் எவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குடும்பம், சாதி, தொழில், ஊர், மதம், தொழிற்சங்கம் என மனிதர் கூடி வாழும் அமைப்புகளை ஆராய்வது சமூகவியல். மனித இனத்தின் உடற்கூறு, தோற்ற வரலாறு, பண்பாடு, பழக்க வழக்கங்கள் அனைத்தையும் சேர்த்துப் படிப்பது மானிடவியல். மானிடவியலில் எலும்பும் மரபணுவும் உண்டு, திருமண முறையும் தெய்வ வழிபாடும் உண்டு. அதனால்தான் சில பல்கலைக்கழகங்களில் அது பி.எஸ்ஸி. ஆகவும் சிலவற்றில் கலைப் பட்டமாகவும் இருக்கிறது. இவ்விரண்டோடு சமூகப்பணி என்னும் எம்.எஸ்.டபிள்யூ.வைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது மருத்துவமனை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் ஆகிய இடங்களில் மக்களோடு பணிபுரியப் பயிற்றுவிக்கும் தனிப் படிப்பு. சமூகவியலில் இளங்கலை முடித்தவர் அதற்குப் போகலாம்.

நம் மாநிலத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் பழைய உறவு உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1928-லேயே பி.ஏ. வகுப்பில் சமூகவியல் புகுந்துவிட்டது. மைசூரில் பிறந்த எம். என். ஸ்ரீநிவாஸ் (1916-1999) உலகறிந்த சமூக மானிடவியலாளர். 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, உழவு முதல் பஞ்சாயத்து வரை எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1970-இல் அமெரிக்காவில் அவர் தங்கி எழுதிக்கொண்டிருந்த நிறுவனத்தில் தீ வைக்கப்பட்டபோது, பல ஆண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்துபோயின. மனம் தளராமல் நினைவிலிருந்தே எழுதினார். 'நினைவில் நின்ற கிராமம்' என்னும் பொருள்படும் அந்த ஆங்கில நூல் 1976-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தங்கி ஆய்வு செய்தவர்களும் பலர். தஞ்சைப் பகுதிக் கிராமத்தை வைத்து ஆந்திரே பெத்தேய் எழுதிய நூல் 1965-இல் வந்தது. பிரமலைக் கள்ளர் பற்றி லூயி துய்மோன் பிரெஞ்சு மொழியில் எழுதியது 1957-இல் வந்தது.

இவற்றை நான் சொன்னபோது அந்தப் பெண்ணின் தகப்பனார், "கிராமத்தப் பத்தி எழுதுவாங்க சரி, நம்மளப் பத்தி யாரு எழுதுவா?" என்றார்.

எழுதியிருக்கிறார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்து பூமிக்குள் இறங்கியது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. 1956-இல் மைசூர் அரசும், பின்னர் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. வரலாற்றறிஞர் ஜானகி நாயர் 1998-இல் வெளியிட்ட நூல், தங்கவயல் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் ஒப்பிட்டு ஆராய்வது. அதே ஆண்டில் சமூகவியலாளர் ஜி. அலாய்சியஸ் எழுதிய நூல், அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கத்தைப் பற்றியது. அதில் நம் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் வருகின்றன. 1907-இல் சென்னையில் பண்டிதர் தொடங்கிய ஏடு, அவர் காலமான பிறகு இங்கிருந்தும் வெளிவந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆனால் 2001-க்குப் பிறகு நடந்தவை அந்த நூல்களில் இல்லை. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூர் போய்த் திரும்பும் ஊராக நம் ஊர் மாறியதைப் பற்றி, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் முறையாக எழுத வேண்டியிருக்கிறது. சைனைடு மேட்டைப் பார்த்தபடி வளர்ந்த பெண்ணுக்கு ஆய்வுக் களம் வாசற்படியிலேயே தொடங்குகிறது. வெளியூர் மாணவன் ஒருவன் அறை வாடகை கொடுத்து, மொழி கற்று, பழகி, நம்பிக்கை பெற்றுச் செய்ய வேண்டிய வேலை அது. இவளுக்கு அந்தச் செலவு இல்லை. மதிப்பீட்டில் இதையும் நான் வரவாக எழுதிக்கொண்டேன்.

இனி வேலை. பெற்றோருக்கு இதுதான் முதற்கவலை, அதில் தவறும் இல்லை. கர்நாடகத்தில் பி.யு.சி. வகுப்பிலேயே சமூகவியல் ஒரு பாடம். ஆகவே பி.யு. கல்லூரிகளில் அந்தப் பாடத்துக்கு விரிவுரையாளர் பணியிடம் உண்டு. எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். பட்டக் கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வோடு நெட் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேற வேண்டும், அல்லது பிஎச்.டி. வேண்டும். மானிடவியலில் முதுகலை முடித்தவருக்கு இந்திய மானிடவியல் மதிப்பாய்வு நிறுவனம் இருக்கிறது. 1945-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது, அதன் தென் மண்டல மையம் மைசூரிலேயே உள்ளது. அருங்காட்சியகங்கள், பழங்குடியினர் நலத்துறை ஆய்வு மையங்கள், சுகாதார ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்களின் கள ஆய்வுகள் என்று மேலும் சில வழிகள். பணியிடங்கள் ஏராளம் என்று நான் சொல்ல மாட்டேன். பி.ஏ. மட்டும் முடித்து நிற்பவருக்குச் சமூகவியல் என்ற பெயரால் தனியாக வேலை கிடைப்பது அரிது. வேலை எம்.ஏ.வுக்குப் பிறகுதான். இந்த ஒரு செய்தி கணக்கையே மாற்றிவிடுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஐ.ஏ.எஸ். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. சமூகவியலும் மானிடவியலும் அந்தத் தேர்வில் விருப்பப் பாடங்கள். பொறியியல் படித்தவர்கள்கூட அவற்றை எடுக்கிறார்கள். விருப்பப் பாடமாக எடுக்க அதே பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆகவே "ஐ.ஏ.எஸ்.சுக்கு உதவும்" என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் கேட்கும் கல்லூரியிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பாலம் கட்டும்போது குறைந்த தொகைக்கு டெண்டர் போட்டவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் ஆண்டிலிருந்து பழுது பார்த்தே பணத்தைக் கொட்டிய கதைகள் ரயில்வேயில் நிறைய. கட்டும் செலவோடு பராமரிப்பு, ஆயுள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். படிப்பிலும் அப்படியே. கட்டணம், விடுதி, பயணம், புத்தகம், கடன் வட்டி, வீணாகும் ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். கையில் என்ன பட்டம், அது எங்கே செல்லும், பிள்ளை என்ன செய்யக் கற்றது என்பதை மறுபக்கம் எழுதுங்கள்.

அன்று நான் அந்தத் தகப்பனாருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. தொகைகள் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூர்த் தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக் கட்டணம் 80,000, விடுதியும் சாப்பாடும் 90,000 என்று வைப்போம். மூன்று ஆண்டுக்கு 5,10,000 ரூபாய், வட்டி தனி. கையில் இருப்பது பி.ஏ. வேலைக்கு வேண்டிய எம்.ஏ. இன்னும் பாக்கி, பணமோ தீர்ந்துவிட்டது. மாறாக, மாவட்டத்துக்குள் ஓர் அரசு முதல்நிலைக் கல்லூரி. கட்டணம் 8,000, புத்தகம், இதர செலவு 4,000 என்றால் மூன்று ஆண்டுக்கு 36,000. பிறகு நல்ல பெயருள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கட்டணம் 15,000, விடுதிச் சாப்பாடு 50,000 என்று இரண்டு ஆண்டுக்கு 1,30,000. ஆக ஐந்து ஆண்டுக்கு 1,66,000 ரூபாய். முதல் வழியில் பி.ஏ.வுக்கு ஆகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. கையில் இருப்பது எம்.ஏ.

தகப்பனார் காகிதத்தை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "அரசாங்கக் காலேஜ்ல பாடம் நடத்துவாங்களாணா?" என்றார்.

நியாயமான சந்தேகம். சில இடங்களில் நிரந்தர ஆசிரியர் ஒருவரும் இல்லாமல் தற்காலிக விரிவுரையாளர்களை வைத்தே ஓட்டுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள வழி, நேரில் போய்ப் பார்ப்பதுதான். தண்டவாளத்தின் நிலையை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, டிராலியில் போக வேண்டும், இறங்கி நடக்க வேண்டும். கல்லூரிக்குப் போனால் துறையில் எத்தனை ஆசிரியர், அவர்களில் நிரந்தரம் எத்தனை என்று கேளுங்கள். நூலகத்துக்குள் சென்று சமூகவியல் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். புத்தகங்களில் தூசி இருக்கிறதா, பக்கங்கள் கசங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். கசங்கியிருந்தால் நல்லது. மாணவர்கள் கள ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறார்களா என்று கேட்டு, ஒரு பழைய அறிக்கையை வாங்கிப் புரட்டுங்கள். கடந்த சில ஆண்டுகளில் அங்கே படித்தவர் எவரேனும் எம்.ஏ.வுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் போயிருக்கிறாரா என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். நாங்கள் மூவரும் இரண்டு கல்லூரிகளுக்குப் போய் வந்தோம். ஒன்றில் நூலகம் பூட்டியிருந்தது. மற்றொன்றில் ஒரு அம்மையார், பாடம் முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் நின்று எங்களுக்குப் பதில் சொன்னார்.

பட்டப் படிப்பின் காலம் பற்றிக் குழப்பம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2021-இல் நான்கு ஆண்டுப் பட்ட முறை வந்தது. 2024-இல் மாநில அரசு மீண்டும் மூன்று ஆண்டு முறைக்கே திரும்பியது. இங்குள்ள கல்லூரிகளில் சமூகவியல் பெரும்பாலும் வரலாறு, அரசியல், பொருளியல், இலக்கியம் போன்றவற்றோடு சேர்ந்தே வரும். எந்தச் சேர்க்கை எந்தக் கல்லூரியில் என்பதை அந்தந்த ஆண்டில் விசாரித்தறிய வேண்டும். கோலார் மாவட்டத்துக் கல்லூரிகள் இப்போது 2017-இல் அமைந்த பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

மானிடவியலை இளங்கலையில் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே அதைக் கற்பிக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. முதுகலையில் சேர்வதே எளிது. பல பல்கலைக்கழகங்கள் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரையும் சேர்க்கின்றன. கர்நாடகத்தில் மைசூர், தார்வாடு இரண்டு இடங்களிலும் மானிடவியல் துறைகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பின்னிரண்டிலும் சமூகவியலும் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழக முதுகலைச் சேர்க்கை 2022 முதல் பெரும்பாலும் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதற்கு இளங்கலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். தேர்வு முடிவு வந்த பிறகு விண்ணப்பம் கேட்டு வருகிறார்கள், அதற்குள் அந்த ஆண்டு போய்விடுகிறது.

தனியார் நிறுவனங்கள் எல்லாமே ஆகாதவை என்றும் சொல்லிவிட முடியாது. பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற சில, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவி தருகின்றன. அறிவிப்பில் போட்டிருக்கும் கட்டணம் வேறு, நீங்கள் உண்மையில் கட்டப்போவது வேறு. உதவி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கணக்கில் சேர்க்கவும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அழைக்கிறார் என்று இளங்கலைக்கே கடன் வாங்கிப் போவதும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். அதையெல்லாம் எம்.ஏ.வுக்கோ அதற்கு மேலோ யோசிக்கலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அஞ்சல்வழிக் கல்வி. இதில் நான் சொந்தமாகப் பட்ட அடி ஒன்று உண்டு. என் தம்பி மகன் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு 'படிப்பு மையம்' என்ற பலகையை நம்பிப் பணம் கட்டினான். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் பலகையில் இருந்தது. இரண்டு ஆண்டு தேர்வும் எழுதினான். பிறகுதான் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்த அனுமதியே இல்லை என்பது தெரிந்தது. பணமும் போயிற்று, இரண்டு ஆண்டும் போயிற்று. அதை முன்னமே விசாரிக்கச் சொல்லாதது என் தவறு. தண்டவாளத்தில் ஒரு ஆணி தளர்ந்திருந்தால் கண்டுபிடிக்கிறவன், வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைநிலைப் படிப்பை நடத்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் அனுமதி பெற வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்தச் சேர்க்கைப் பருவம் என்று குழுவின் இணையதளத்தில் பட்டியல் போடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் பாடமும் நீங்கள் சேரும் பருவமும் இருக்க வேண்டும். தமிழில் படிக்கலாமே என்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விரும்பும் நம்மவர்கள், மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்லை அந்த மாநிலத்தோடு முடிகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மையமும் தேர்வும் அங்கேதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்த எல்லை இல்லை. 1985-இல் தொடங்கியது, பெங்களூரில் மண்டல மையம் உண்டு. சமூகவியலிலும் மானிடவியலிலும் இளங்கலை, முதுகலை இரண்டும் நடத்துகிறது. பாட நூல்கள் எளிய ஆங்கிலத்தில் நன்றாக இருக்கின்றன. வேறு கல்லூரியில் நேரடியாகப் படிப்பவர்களும் அவற்றைப் படிக்கலாம் என்பேன். இதன் குறை ஒன்றே: தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டு அவகாசம் தருவதால், "அடுத்த தடவை எழுதலாம்" என்று தள்ளிப் போட்டு விட்டுவிட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். முடிக்காத பட்டத்துக்கு எவ்வளவு குறைவாகக் கட்டியிருந்தாலும் அது நட்டமே.

2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்பு படிக்கவும் அனுமதி உண்டு, ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையில் என்று. பி.காம். வேண்டும் என்கிற தந்தைக்கும் சமூகவியல் வேண்டும் என்கிற மகளுக்கும் இது சமாதான வழிபோலத் தோன்றும். நான் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் வீட்டு வேலையும் செய்கிறவள், இரண்டு மாட்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது.

இனி, புலம்பெயர்ந்த நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று, சாதிச் சான்றிதழ். இதில் தவறினால் உதவித்தொகை, இட ஒதுக்கீடு இரண்டும் கைநழுவும். அட்டவணைச் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அந்த மாநிலத்துப் பட்டியல்தான் பொருந்தும். பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டிக் கர்நாடக மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நம் தங்கவயல் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த நாளுக்கு வெகு முன்பே இங்கு வந்தவை. ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இங்கே இருந்தோம் என்பதைத் தாளில் காட்ட வேண்டுமே! தாத்தாவின் சுரங்கப் பணிப் பதிவு, தந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, இவற்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து நகல் போட்டு வையுங்கள். அந்தப் பெண் வீட்டில் தாத்தாவின் பணிப் பதிவு புத்தகம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் சேர்ந்த ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. அதுவே போதுமானதாயிற்று.

சான்றிதழ் கிடைத்தால், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட அட்டவணைச் சாதி மாணவர்களுக்குப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை உண்டு. மாநில உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை நம்பி எல்லை தாண்டிக் கல்லூரியில் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு உரியது, நம் பிள்ளைகளுக்கு வராது. அதற்குப் பதில் நம் பெண்களுக்கு இங்கே வேறு சலுகைகள் உண்டு. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் பட்டப் படிப்பு வரை மாணவியருக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வர இலவச மாதச் சீட்டு விதிகளிலேயே இருக்கிறது. கல்லூரி முதல்வரின் சான்றோடு போய்க் கேட்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் ரயில்வேயில் இருந்தும், இதைக் கேட்டு வாங்கியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக மொழி. சமூகவியல் தேர்வு முழுவதும் கட்டுரை எழுதுவதுதான். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுத வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் சிந்தித்து, கன்னடத்தில் பேசி, ஆங்கிலத்தில் எழுதித் தடுமாறுகிறார்கள். ஆனால் கள ஆய்வு என்று வந்துவிட்டால் இந்த மூன்றும், கூடவே தெலுங்கும் தெரிந்த நம் பிள்ளைக்கு ஈடு கிடையாது. கன்னடத்தைப் பேச்சோடு நிறுத்தாமல் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். மாநிலப் பணி எதற்கும் அது வேண்டும். தமிழை வீட்டில் விட்டுவிடாதீர்கள். தங்கவயலின் பழைய ஏடுகளும் துண்டறிக்கைகளும் தமிழில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாத ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண், முக்கால் மணி நேரம் பதில் சொன்ன அம்மையாரின் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டாள். நகை வீட்டிலேயே இருக்கிறது. எம்.ஏ.வுக்கென்று தகப்பனார் மாதம் ஆயிரம் ரூபாய் அஞ்சலகத்தில் கட்டி வருகிறார். சென்ற மாதம் முதல் கள ஆய்வுப் பயிற்சியாம். கையில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு படிப்பகத்துக்கு வந்து, அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர் நால்வரிடம், சுரங்கம் மூடிய மறுநாள் காலையில் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்டாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் காயை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். படிப்பகம் பூட்டும் நேரம் தாண்டி ஒரு மணி நேரம் நான் விளக்கை அணைக்கவில்லை.